சாவி ஆபீஸில் இருக்கிறது

பெண்கள் அறிவியல் படிக்க முன்வர வேண்டும் என்று ஊருக்கு எடுத்துச் சொல்வதற்காக நடத்திய விழா அது. அதில், ஏற்கெனவே அறிவியல் படித்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் கொடுத்த வேலை, வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் நீட்டுவது.

விழா அன்று காலையில்தான் தனக்கொடிக்கு இது தெரிந்தது. "பொண்ணுங்க எல்லாரும் நாளைக்குப் பட்டுப்புடவைல வந்துடுங்க" என்று, பாடம் நடத்துகிற நிர்மலா மேடம் முந்தின நாள் சொன்னபோதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. தான் செய்த மாடலுக்குப் பக்கத்தில் நின்று விளக்கும்போது பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாள். அவள் அம்மா அஞ்சலாட்சி பக்கத்து வீட்டுப் பீரோவிலிருந்து ஓர் அரக்குப் பட்டை இரவல் வாங்கி வந்து, மடிப்பு மடிப்பாக எடுத்துக் கட்டிவிட்டு, "எதையாவது மேல கொட்டிக்கினு வந்துடாதடி. அந்தப் பொம்பள தெருவுல நின்னு ஏசுவா" என்று எச்சரித்து அனுப்பினாள்.

அது 2006. ஊருக்கே பேர் மாற்றப் போகிறார்கள், இனிமேல் பாண்டிச்சேரி இல்லை, புதுச்சேரிதான் என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டிருந்த வருஷம். தனக்கொடியின் அப்பா ராமலிங்கம் மில்லில் தறி ஓட்டியவர். மில் படுத்த பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் கேட்டில் காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டிலிருந்து டிகிரி வரைக்கும் போன முதல் ஆள் தனக்கொடி. பி.எஸ்ஸி. பிசிக்ஸ். அதை முடித்துவிட்டு வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், டைப்பிங் தெரியுமா, கல்யாணம் எப்போது என்று இரண்டே கேள்விதான் கேட்டார்கள். பிசிக்ஸைப் பற்றி ஒருவன் வாயைத் திறக்கவில்லை.

அப்படி ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சாரம் பஸ் ஸ்டாப் சுவரில் அந்தப் போஸ்டரைப் பார்த்தாள். "அறிவியல் படித்த பெண்ணே, தொழிற்சாலை உன்னை அழைக்கிறது!" கீழே ஒரு சமுதாயக் கல்லூரியின் பேர். டிகிரி கொடுக்கிற இடமில்லை அது. கையில் ஒரு தொழிலைக் கொடுத்து ஒரே வருஷத்தில் வெளியே அனுப்புகிற இடம். பெண்களைத் தொழில்நுட்பத்துக்குக் கொண்டுவர அரசாங்கத்தில் ஒரு திட்டம் வந்திருக்கிறது, அதில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா சொல்லித் தருகிறோம் என்றார்கள். அழைக்கிறார்களே என்று போனாள். அவளையும் சேர்த்து வகுப்பில் நாலு பெண்கள். மற்றதெல்லாம் பையன்கள்.

திட்டத்தின் பேரில் வாங்கிய புது மீட்டர்களும் கருவிகளும் லேபில் ஒரு கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்க, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தன. யாராவது பார்வையிட வந்தால் மட்டும் பீரோவைத் திறப்பார்கள். "தொட்டா ரிப்பேர் ஆயிடும்" என்பது அங்கே எல்லாருக்கும் மனப்பாடமான பாடம். தனக்கொடி பழைய மீட்டரை வைத்துக்கொண்டு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய்வந்த பையன்களிடம் சாமான் சொல்லிவிட்டு, தன் மாடலைத் தானே செய்தாள்.

டேங்க் நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற கருவி. சாரத்தில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு ஒரே டேங்க், ஒரே மோட்டார். மோட்டாரைப் போட்டுவிட்டு யாராவது சீரியலில் மூழ்கிவிட்டால் டேங்க் வழிந்து, சுவர் ஊறி, நீ நிறுத்தினாயா நான் நிறுத்துவேனா என்று தெருவே இரண்டாகும். அந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்கு இது தோன்றியது. கீழே ஒரு பெயிண்ட் டப்பா, மேலே ஒரு கண்ணாடி ஜாடி, நடுவே சின்ன மோட்டார், கரண்ட்டே போட்டு அணைக்கிற ஸ்விட்சாக ஒரு ரிலே. பொத்தானை அழுத்தினால் ரிலே டக்கென்று பிடித்துக்கொள்ளும். கையை எடுத்த பிறகும், தன் வழியாகவே தனக்குக் கரண்ட் எடுத்துக்கொண்டு தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருக்கும். ஜாடியில் தண்ணீர் ஏறி மேல் கம்பியைத் தொட்டதும் அந்தப் பிடி அறுந்து, மறுபடி ஒரு டக். மோட்டார் நின்றுவிடும். அந்த இரண்டாவது டக்கைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோகும்.

விழாவுக்கு ஊருக்குள்ளேயே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து ராஜவேல் என்கிற மேனேஜர் வருகிறார், மோட்டார் பேனல் செய்கிற கம்பெனியில் இருக்கிறார், மாடல் டேபிள்களைச் சுற்றிப் பார்த்து அங்கேயே டிரெயினிகளைப் பொறுக்கப் போகிறார் என்று ஒரு மாதமாகப் பேச்சு. டேபிளுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு வேலை. அவ்வளவுதான் விஷயம். அதனால்தான் சந்தனத்தட்டைக் கையில் வாங்கியதும் தனக்கொடி நேரே நிர்மலா மேடத்திடம் போனாள்.

"மேடம், அப்ப என் மாடலுக்கு யாரு நிக்கிறது?"

"இனியவன் நிப்பான்டா. அவனுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் ஃப்ளூயன்ட்டா வரும். நீ களையா இருக்கே, வாசலுக்கு நீதான் பொருத்தம்." நிர்மலா மேடம் பன்னீர்ச் சொம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவரே ஓர் இன்ஜினியர். அதுதான் தனக்கொடிக்குத் தாங்கவில்லை.

"மாடல் நான் பண்ணது மேடம்."

"யாரு இல்லைன்னா? நீ சொன்னா என்ன, அவன் சொன்னா என்ன, பேரு காலேஜுக்குத்தானே?"

"வேலையும் காலேஜுக்கா கெடைக்கப் போவுது?"

"எடக்கு பேசாத. ஃபங்ஷன் அன்னிக்கு மூஞ்சிய இப்படியா வெச்சுக்குவாங்க?"

"எங்கப்பா ஏற்கெனவே கேட்டுல தான் நிக்கிறாரு மேடம். குடும்பத்துக்கு ஒரு ஆளு போதும்."

நிர்மலா மேடம் சொம்பை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அடுத்ததாக, கூடப் படிக்கிற இனியவன் வந்தான். கழுத்தில் டை, அதுவும் இரவல்தான், கோணலாகத் தொங்கியது. கெட்டவன் இல்லை. வீட்டில் இரண்டு தங்கைகள், அவனுக்கும் வேலை வேண்டும்.

"தனம், கோச்சுக்காத. அந்த ரிலே எப்படிப் பிடிச்சுக்குதுன்னு ஒரு தடவ சொல்லிடு, அப்படியே ஒப்பிச்சுடறேன்."

"ஒப்பிக்கிறதுக்கு நீ என்னா திருக்குறள் போட்டிக்கா வந்திருக்க?"

"ஒன் கோவத்துக்கும் ஒரு ரிலே போட்டு வெச்சிருக்கலாம். ஒரு லெவலுக்கு மேல ஏறினா கட் ஆவுற மாதிரி."

அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. தட்டோடு வாசலுக்குப் போனாள்.

வாசலில் கூட நின்றவள் சிவசங்கரி. அதே வகுப்பு. பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம், விடியலில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிறவள். அதிர்ந்து பேச மாட்டாள். அவள் கையில் கல்கண்டுக் கிண்ணம். மற்ற இருவரும் தரையில் ராக்கெட் கோலம் போட்டு முடித்து, அதற்குப் பெயிண்ட் பவுடரில் நெருப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே "மகளிர் வருக! அறிவியல் வெல்க!" என்று பேனர். அதைச் சுற்றிச் சீரியல் செட் பகலிலேயே மினுக்கிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது அரசாங்கப் பள்ளிக்கூடத்து வேன்கள். இந்த விழா நடப்பதே அவர்களுக்காகத்தான். பிளஸ் டூ பெண்கள் இறங்கி வரிசையாக வந்தார்கள். சிவப்பு ரிப்பனில் இரட்டைச் சடை மடித்துக் கட்டிய ஒருத்தி, சந்தனத்தைத் தொட்டுக்கொண்டே தனக்கொடியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, நீங்க இங்க வேலை பாக்கறீங்களா?"

"இல்ல, படிக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ்."

அந்தப் பெண் தட்டைப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள். மறுபடி தட்டைப் பார்த்தாள். "இதுவும் அதுல வருதாக்கா?" என்று கேட்டாள். நக்கலே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தனக்கொடிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. தட்டை அப்படியே வரவேற்பு மேஜையில் நங்கென்று வைத்தாள். சந்தனம் சிதறிக் கடன் வாங்கிய பட்டில் தெறித்தது. அவள் பார்க்கவே இல்லை.

"சங்கரி, வாடி என்கூட. ஒரு பக்கம் பிடி."

"எங்கடி? மேடம் பாத்தா கொன்னுடுவாங்க."

"பாக்கட்டும்."

இரண்டு பேரும் ஹாலுக்குள் போய் மாடலைப் பலகையோடு தூக்கினார்கள். ஒப்பிக்கத் தயாராக நின்ற இனியவன் பதறிப்போனான். "ஏய், ஏய்! அப்ப நான் எந்த டேபிள்ல நிக்கிறது?"

"சந்தனத்தட்டு காலியா இருக்கு" என்றாள் தனக்கொடி.

மாடல் வாசலுக்கு வந்தது. வரவேற்பு மேஜையில் பன்னீர்ச் சொம்பை ஓரம் தள்ளிவிட்டு நடுவில் வைத்தார்கள். கரண்ட்டுக்கு அங்கே ஒரே ஒரு பிளக்தான் இருந்தது. தனக்கொடி குனிந்து அதிலிருந்ததைப் பிடுங்கினாள். பேனரைச் சுற்றி மினுக்கிக்கொண்டிருந்த அத்தனை விளக்கும் செத்தது.

"இன்னாமா பண்ற நீ?" பந்தலும் மைக்கும் போட்டிருந்த அரிகிருஷ்ணன் ஓடி வந்தார். "அது என் சீரியல் செட்டு!"

"வெளிச்சமா இருக்குதேண்ணே, பகல்ல எதுக்கு லைட்டு?"

"பகலோ ராவோ, வாடகை பேசியிருக்கு இல்ல?"

"கிட்ட வந்து மோட்டார் ஓடறதைப் பாருங்கண்ணே, அப்புறம் திட்டுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பார்த்தார். தண்ணீர் ஏறியது. டக். நின்றது. "என் வூட்டு டேங்குக்கு ஒண்ணு பண்ணித் தருவியா?" என்று கேட்டுவிட்டு மைக் பக்கம் போய்விட்டார்.

அதற்குள் கார் வந்துவிட்டது. பிரின்சிபாலும் நிர்மலா மேடமும் உள்ளேயிருந்து ஓடி வந்தார்கள். பிரின்சிபால் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பத்துக்காரர். பதற்றம் வந்தால் "நடங்க, நடங்க" என்பதைப் பிரெஞ்சில் "அலோன், அலோன்" என்று சொல்லி எல்லாரையும் விரட்டுவார். இப்போதும் அதையே சொல்லிக்கொண்டு வந்தவர், பேனர் இருட்டாகவும் மேஜையில் பெயிண்ட் டப்பாவும் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார். யாராவது பன்னீர் தெளிக்க வேண்டுமே. வேறு வழியில்லாமல் இனியவன் சொம்பை எடுத்தான். பழக்கமில்லாத கை. தலைக்குத் தெளிக்க வேண்டியதை ராஜவேலின் மூக்குக்கண்ணாடியில் தெளித்தான்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டதும் ராஜவேல் முதலில் பார்த்தது மாடலைத்தான். ஐம்பது வயசு மனுஷன், பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜாடி கண்ணுக்கு நேராக வரும்படி மேஜைக்கு முன்னால் குந்திவிட்டார். பொத்தானை அவரே அழுத்தினார். டக்கைக் கேட்டார். கம்பியை ஏன் இந்த உயரத்தில் வைத்தாய், தண்ணீரில் உப்பு ஏறினால் என்ன ஆகும், கீழே தண்ணீரே இல்லாவிட்டால் மோட்டார் வெந்துபோகாதா என்று அடுக்கினார். தனக்கொடி தெரிந்ததற்குப் பதில் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு, "அதை யோசிக்கல சார்" என்றாள்.

"யோசி. நல்லா பண்ணியிருக்கே" என்று எழுந்தவர், நிர்மலா மேடத்தின் பக்கம் திரும்பி, வெகு இயல்பாகச் சொன்னார். "பையனா இருந்தா இப்பவே கூட்டிக்கிட்டுப் போயிடுவேன் மேடம். நான்தான் போன்லயே சொல்லிட்டேனே, பசங்க மட்டும்தான்னு."

"சார், உள்ள போயிப் பேசலாம் சார்" என்றார் நிர்மலா மேடம் அவசரமாக.

"எப்ப சார் சொன்னீங்க?" தனக்கொடி கேட்டாள்.

"போன வருஷம் பசங்களை எடுத்தப்பவே சொன்னோமேம்மா. பேனல் செய்யற எங்க ஒர்க் ஷாப்புல லேடீஸ் டாய்லெட் கெடையாது. லேடீஸே இல்லாதப்ப எப்படிக் கட்டறது? அது இல்லாதப்ப லேடீஸை எப்படி எடுக்கறது? சொல்லு."

போன வருஷமே. அவள் சேர்வதற்கு முன்னாலேயே. அவளைப் போஸ்டர் ஒட்டிக் கூப்பிட்டு, நாலு பெண்களைக் காட்டி அரசாங்கத்திடம் திட்டப் பணத்தை வாங்கி, பீரோவில் கருவிகளை அடுக்கிப் பொட்டு வைத்தபோதே, இந்தக் கதவு மூடியிருப்பது இவர்களுக்குத் தெரியும். களையான முகம், பொருத்தம், ஃப்ளூயன்ட் இங்கிலீஷ், எல்லாம் சும்மா. பெண் இல்லாததால் டாய்லெட் இல்லை, டாய்லெட் இல்லாததால் பெண் இல்லை. அவள் ரிலே மாதிரியே அது தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கிறது. கை வைத்து அறுக்கத்தான் ஆளில்லை.

மேடைக்குப் பின்னால் நிர்மலா மேடம் அவளை ஓரமாக இழுத்துப் போனார். திட்டவில்லை. தோளில் கை போட்டார், அது இன்னும் மோசமாக இருந்தது.

"பாரு தனக்கொடி. நன்றியுரை நீதான்னு அழைப்பிதழ்ல போட்டாச்சு. சமத்தா நாலு வார்த்தை சொல்லி முடிச்சுடு. ராஜவேல் சார்கிட்ட நான் பேசிட்டேன். அவங்க ஆபீஸ்ல ரிசப்ஷனுக்கு இன்னொரு பொண்ணு வேணுமாம். ஒன்னை எடுத்துக்கறேன்னுட்டாரு. ஏ.சி. ரூம். பாத்ரூம்லாம் வசதியா இருக்கு."

தனக்கொடி நிமிர்ந்து பார்த்தாள். "எங்க இருக்கு?"

"என்னது?"

"பாத்ரூம்."

"ஆபீஸ்லதான். அதே காம்பவுண்டுதானே, எதிர்க்கவே ஷாப்பு." சொல்லும்போதே நிர்மலா மேடத்தின் குரல் கொஞ்சம் தடுமாறியது. என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். "எனக்கு மட்டும் சும்மாவா கெடைச்சுது? மூணு எடத்துல என்னையும் இப்படித்தான் திருப்பி அனுப்பினாங்க. கெடைக்கிறதை மொதல்ல பிடிச்சுக்கணும்டா" என்றார்.

அதைக் கேட்டு இரக்கம் வந்திருக்கலாம். தனக்கொடிக்கு வந்தது ஆத்திரம்தான். மூன்று இடத்தில் அடி வாங்கியவர், நாலாவது இடத்தில் வாசல் காட்டுகிற வேலை பார்க்கிறாரே என்று.

விழா நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். பெண்கள் விண்ணைத் தொட வேண்டும் என்று பிரின்சிபால் பேசினார். மேடையில் உட்கார்ந்திருந்த எல்லாரும் விண்ணைப் பற்றியே பேசினார்கள். மேட்டுப்பாளையத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசியில் தனக்கொடியைக் கூப்பிட்டார்கள். புடவையில் சந்தனக் கறையோடு மைக்குக்கு வந்தாள். ரிசப்ஷன் வேலை ஒரு பக்கம் நின்றது. வீட்டுக்கு அது பெரிசு. அப்பா காக்கிச் சட்டையைக் கழற்றிப் போடக்கூட வழி உண்டாகலாம். ஒழுங்காக நாலு நன்றி சொன்னால் போதும்.

"எல்லாருக்கும் வணக்கம். மொதல்ல ராஜவேல் சாருக்கு நன்றி. ஒரு வருஷமா எங்களுக்கு யாருமே சொல்லாத விஷயத்தை அவருதான் இன்னிக்கு வாசல்ல வெச்சுச் சொன்னாரு. அவங்க கம்பெனில வேலை பசங்களுக்கு மட்டும்தானாம். ஏன்னா பொண்ணுங்களுக்குப் பாத்ரூம் இல்லையாம்."

பிரின்சிபால் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"அடுத்தது நிர்மலா மேடத்துக்கு நன்றி. அதே கம்பெனில என்னை ரிசப்ஷனுக்குச் சேத்துவிடறேன்னாங்க. அங்க பாத்ரூம் வசதியா இருக்காம். எனக்கு ஒண்ணுதான் சார் புரியல. போன் எடுக்கிற பொண்ணுக்கு இருக்கிற பாத்ரூம், ஒயரிங் பண்ற பொண்ணுக்கு இல்லையா? எங்க ரெண்டு பேருக்கும் அது வேற வேற மாதிரியா வரும்?"

பள்ளிக்கூடப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்தின கைக்கு மேலே சிரிப்பு வழிந்தது. பிரின்சிபால் "அலோன், அலோன்" என்று அரிகிருஷ்ணனைப் பார்த்துக் கையை வெட்டிக் காட்டினார். அரிகிருஷ்ணன் எதையோ தொலைத்தவர் மாதிரி சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டதற்கு, "எந்த ஒயரைக் கட் பண்றதுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? நான் என்னா எலக்ட்ரானிக்ஸா படிச்சேன்?" என்றாராம்.

எல்லாரும் தன்னையே பார்ப்பதால் ராஜவேல் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏதாவது சொல்ல வேண்டியதாகிவிட்டது. "இல்லம்மா... அது ஆபீஸ் பாத்ரூம். சாவி ஆபீஸ் மேனேஜர்கிட்ட இருக்கும்."

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிவப்பு ரிப்பன்காரியாகத்தான் இருக்க வேண்டும். அவ்வளவுதான், ஹாலே உடைந்து கொட்டியது. டீச்சர்கள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். தனக்கொடி மட்டும் சிரிக்கவில்லை. சாவியா? அறிவு இல்லை என்றோ, பலம் இல்லை என்றோ சொல்லியிருந்தாலாவது சண்டை போடலாம். ஒரு சாவிக்காகவா ஒரு வருஷம்?

"தங்கச்சிங்களா" என்றாள், சிரிப்பு அடங்குவதற்கு முன்பே. "படிங்க. கண்டிப்பா படிங்க, இது ரொம்ப நல்ல படிப்பு. ஆனா சேர்றதுக்கு முன்னாடி, போன வருஷம் படிச்ச அக்காங்க இப்ப எங்க வேலை பாக்கறாங்கன்னு கேளுங்க. பீரோவைத் தொறந்து தொட வுடுவாங்களான்னு கேளுங்க. யாராவது கையில தட்டைக் குடுத்தா, சாவி யார்கிட்ட இருக்குதுன்னு கேளுங்க. நன்றி."

கை தட்டினார்கள். அதை அவள் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. கை தட்டுவது சுலபம். காரில் ஏறப்போன ராஜவேலின் முன்னால் போய் நின்றாள். மாடலைச் சுமந்துகொண்டு சிவசங்கரியும் பின்னாலேயே வந்தாள்.

"என்னை எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்திட்டே" என்றார் அவர்.

"நீங்க என்னை வாசல்லயே பண்ணிட்டீங்க சார்."

அவர் மாடலைப் பார்த்தார். "திங்கக்கிழமை வா. மொதலாளிகிட்ட கேட்டுப் பாக்கறேன். வேலைன்னு நான் சொல்லல, தெரிஞ்சுக்கோ."

திங்கள்கிழமை போனாள். ரிசப்ஷனில் உட்கார வைத்து, முதலாளி ஊரில் இல்லை என்று அனுப்பினார்கள். அடுத்த திங்கள்கிழமையும் போனாள். அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் மேனேஜரின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, பத்து பேர் காதில் விழும்படி, "சார், பாத்ரூம் சாவி" என்று கேட்டாள். அந்த மனுஷன் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டு சாவியை நீட்டுவார். இனியவனை முதல் வாரமே எடுத்துவிட்டார்கள். அவன் ஷாப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் போவலியா நீ? மொதலாளி பின்பக்க கேட் வழியாத்தான் வராருன்னு இங்க பேசிக்கிறாங்க" என்றான். அன்றைக்குப் பின்பக்க கேட்டில் போய் நின்று முதலாளியை மடக்கினாள். ஆறு மாசம் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்லூரியில் சர்டிபிகேட் வாங்க அவளை நாயாய் அலைய விட்டார்கள். நிர்மலா மேடம் கண்ணில் பட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பேனல் ஷாப்பில் அவள் ஒருத்திதான் பெண். வேலை பிடித்திருந்தது. ஒயரைச் சீவி, முறுக்கி, எண் போட்டு, வரிசை வரிசையாகக் கட்டும்போது நேரம் போவதே தெரியாது. சாவி மட்டும் ஆபீஸிலேயே இருந்தது. போய்க் கேட்க வேண்டும். ஆபீஸ் மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பார். திரும்பி வருவதற்குள் டீ ஆறியிருக்கும்.

அடுத்த ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிச் சாரம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது புதுப் போஸ்டரைப் பார்த்தாள். "நேற்று எங்கள் மாணவி, இன்று தொழிற்சாலையில்! பெண்ணே, நீயும் வா!" பக்கத்தில் அவள் படம். அரக்குப் பட்டு, கையில் சந்தனத்தட்டு. விழாவுக்கு வந்த போட்டோகிராபர் அவளை வேறு படம் எடுக்கவே இல்லை.

போஸ்டரின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துவிட்டாள். பசை இன்னும் ஈரமாக இருந்தது, ஒரே இழுப்பில் வந்துவிடும். கிழித்தால் மத்தியானத்துக்குள் இன்னொன்றை ஒட்டுவார்கள். ஒட்டாவிட்டாலும் பெண்கள் வருவார்கள். அவள் வரவில்லையா? அவள் நகத்தை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் பாத்ரூம் சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பெரிய மார்க்கெட் வாசலில் குடை நட்டு உட்கார்ந்திருந்த சாவிக்காரர், சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தினி போடணும்மா? வூட்ல எத்தினி பேரு?"

"தெரியலண்ணே, புதுசா வர்ற பொண்ணுங்க ஜூலைலதான் காலேஜ்ல சேருவாங்க" என்றாள் தனக்கொடி. "இப்போதைக்கு நாலு போடுங்க."